பாட்டு முடிந்த பிறகு

2004ஆம் ஆண்டு கொல்லிமலையில் நான் பதிவுசெய்த ஒலிநாடாக்கள் பதினெட்டு என் அலமாரியில் இருக்கின்றன. முனைவர் பட்ட ஆய்வுக்காகப் பதிந்தவை. எல்லாமே அறுபது நிமிட நாடாக்கள், உதவித்தொகையில் மிச்சம் பிடித்து வாங்கியவை. அதனால் ஒரு நிமிடத்தைக்கூட வீணாக்கக் கூடாது என்பதில் கறாராக இருந்தேன். சென்ற ஆண்டு அவற்றைக் கணினிக்கு மாற்றும்போது இருபது ஆண்டுகளுக்குப் பிறகு முழுதாகக் கேட்டேன். ஏழாவது நாடாவில், வாழவந்தி நாட்டைச் சேர்ந்த ஓர் ஆயா சாமை குத்தும் பாட்டைப் பாடுகிறார். பாட்டு முடிகிறது. ஒரு மூச்சு இழுக்கிறார். “இது எனக்கு அவ்வளவாப் பிடிக்காது கண்ணு. எங்க நாத்தனா பாடுவா பாரு, அதுல…” என்கிறார். டக்கென்று ஓர் ஓசை. அதோடு சரி. அடுத்த பாட்டு தொடங்கிவிடுகிறது.

நிறுத்தியது நான்தான். பாட்டு முடிந்துவிட்டது, இனி பேச்சுதானே என்று நினைத்திருப்பேன்.

மற்ற நாடாக்களையும் கவனித்துக் கேட்டேன். அங்கும் அந்த ‘டக்’. “அவ பாடுனது தப்பு” என்று ஒருவர் தொடங்குகிறார், டக். “இந்த ராகத்துலதான் எனக்கு அழுகை வரும்” என்கிறார் இன்னொருவர், டக். என் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் பாடியவர் பெயர், வயது, ஊர், தொழில் என்று நான்கு பத்திகள் கொண்ட அட்டவணை உண்டு. அவருக்கு எந்தப் பாட்டு பிடிக்கும், எது பிடிக்காது, ஏன் என்பதற்குப் பத்தி இல்லை. நெறியாளரும் கேட்கவில்லை, புறத்தேர்வாளரும் கேட்கவில்லை. அப்போதே பெண்ணியம் பேசிக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை. பெண்களின் குரலைச் சேகரிக்கிறேன் என்ற பெருமிதத்தோடு மலை ஏறினேன். அவர்களுக்குக் காதும் இருக்கிறது என்பதை மறந்துவிட்டேன்.

அந்த ‘டக்’ நான் கண்டுபிடித்ததன்று. அதற்கு நீண்ட வரலாறு உண்டு, அதுவும் இதே மலையிலிருந்து தொடங்குகிறது.

சங்கப் பாடல்களைப் படித்தவர்களுக்குக் கொல்லி என்றதும் பாவை நினைவுக்கு வரும். தெய்வம் வடித்த பெண்ணுருவம். காற்று மோதினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் அழகு குலையாதவள் என்று நற்றிணையின் 201ஆம் பாடலில் பரணர் சொல்கிறார். இன்று மலையில் எட்டுக்கை அம்மனாக வழிபடப்படுபவள் அவளே என்று சொல்வோரும் உண்டு. தலைவியின் அழகுக்கு உவமையாகப் புலவர்கள் அவளைத் திரும்பத் திரும்ப அழைத்தார்கள். எதனாலும் பாதிக்கப்படாத பெண் என்பதுதான் அவளது சிறப்பு. அப்படிப்பட்டவளிடம் போய் யார் கருத்துக் கேட்பார்கள்?

ஆனால் அதே பரணர் குறுந்தொகையின் 89ஆம் பாடலில் வேறொரு காட்சியை வைத்திருக்கிறார். வகுப்பில் நாங்கள் அதை வேகமாகக் கடந்துவிடுவோம். கொல்லிப்பாவையைப் போன்ற இளம்பெண் ஒருத்தி உரலில் குற்றிக்கொண்டே வள்ளைப்பாட்டுப் பாடுகிறாள். அந்தப் பாட்டைப் பற்றி அயலார் ஏதேதோ பேசுகிறார்கள். அறிவில்லாத இந்த ஊர் பேசுவதற்கெல்லாம் வருந்துவானேன் என்கிறாள் தோழி. தேர்வுக்கு இதை ‘அலர்’ என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். எனக்கு இப்போது இன்னொன்றும் தெரிகிறது. பாடுகிறவள் பெண். பாட்டைப் பற்றிக் கருத்துச் சொல்வது ஊர். அந்தக் கருத்தைப் பொருட்படுத்தாதே என்று பதில் கருத்துச் சொல்பவள் இன்னொரு பெண். தமிழில் எழுத்தில் பதிவான பாட்டுச் சண்டைகளில் மிகப் பழையவற்றுள் இது ஒன்றாக இருக்க வேண்டும். அந்தச் சண்டை நடப்பது உரலடியில், கொல்லிமலையின் பெயரோடு.

மலைக்குத் தலைவனான வல்வில் ஓரியின் கதையிலும் பெண்களின் பாட்டு உண்டு. புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் விறலியரை அழைத்து முழவு, யாழ், ஆகுளி, பதலை என்று வாத்தியங்களைப் பெயர் சொல்லி எடுக்கச் செய்கிறார். பாட்டு நிகழ்கிறது. தன் பெயர் பாட்டில் வந்ததும் ஓரி நாணுகிறான், பிறகு இறைச்சியும் தேனும் பொன்னும் கொடுக்கிறான். கேட்டவனின் நாணம்வரை பதிவாகியிருக்கிறது. ஓரி நல்ல ரசிகன் என்பதை நாம் அறிவோம். பதலையைத் தட்டிய விறலிக்கு அன்றைய பாட்டு பிடித்திருந்ததா என்பதை அறிய வழியில்லை. இன்று செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது, ஆடியில் அரசு விழா எடுக்கிறது. விறலிக்குச் சிலை இல்லை.

மலையின் பெயர் இசைக்குள்ளும் போனது. தேவாரப் பண்களில் ஒன்றின் பெயர் கொல்லி, இன்றைய நவரோசு ராகத்தோடு ஒப்பிடப்படுவது. அப்பரின் முதல் பதிகம் இந்தப் பண்ணில்தான் பாடப்படுகிறது. ஏடுகள் கிடைத்த பிறகு இந்தப் பண்களை வகுத்துத் தந்தது யார்? மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் எருக்கத்தம்புலியூருக்குப் போய், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கண்டு, அவரைக்கொண்டு பண்முறை வகுத்தார்கள் என்று திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. புராணம்தான், கல்வெட்டு இல்லை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். பண் வகுப்பது என்றால் என்ன? இந்தப் பதிகம் இதில் நிற்கிறது, அதில் நிற்கவில்லை என்று தன் காதை நம்பித் தீர்ப்புச் சொல்வதுதானே? அந்தத் தீர்ப்பை இன்றும் ஒவ்வோர் ஓதுவாரின் தொண்டையும் சுமக்கிறது. நம்பியின் பெயர் இருக்கிறது. தீர்ப்புச் சொன்னவர் ‘ஒரு பெண்’.

பல நூற்றாண்டுகளைத் தாண்டி இசைத்தட்டுக் காலத்துக்கு வருவோம். மனிதக் குரலை முதன்முதலாகச் சேமித்து வைக்க முடிந்த காலம் அது. சேமிக்கப்பட்ட குரல்களில் முன்வரிசையில் பெண்கள் இருந்தார்கள். 1902இல் கல்கத்தாவில் பதிவுசெய்த கௌஹர் ஜான், பாட்டின் முடிவில் தன் பெயரைத் தானே ஆங்கிலத்தில் சொல்வார். தெற்கில் காஞ்சிபுரம் தனகோடி, பெங்களூர் நாகரத்தினம்மாள், கோயம்புத்தூர் தாயி. எங்கள் பக்கத்துக்குச் சேலம் கோதாவரி. கொல்லிமலை அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான். ஊர்ப் பெயரை முன்னால் வைத்துக்கொண்ட இந்தப் பெண்களில் பலர் தேவதாசி மரபிலிருந்து வந்தவர்கள். ஆண் வித்துவான்கள் பலர் ஒலிப்பதிவுக்கு வரத் தயங்கியபோது இவர்கள் அந்தக் குழாயின் முன் நின்று பாடினார்கள்.

தாயியின் இசைத்தட்டுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். 1912 வாக்கில் இந்தியா வந்த மாரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் அவர் குரலில் மயங்கினார். தாயியின் இசைத்தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அந்தப் பாடும் முறையைப் பின்பற்றிப் பியானோவுக்கு ‘ராகமாலிகா’ என்ற படைப்பை எழுதினார். பிடித்த தட்டைப் பற்றி ஒரு ரசிகர் சொல்லக்கூடிய ஆகப்பெரிய கருத்து அது. பாரிசில் ஓர் ஆண் அந்தத் தட்டைப் பற்றி என்ன நினைத்தார் என்பதை நாம் அறிவோம். கோயம்புத்தூரில் கணவன் வீட்டுக் கூடத்தில் தட்டு சுழல, கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட பெண் என்ன நினைத்தாள் என்பதை அறியோம். பாடுகிறவள் ‘அந்த மாதிரிப் பெண்’, அவள் பாட்டை ரசிப்பதை வெளியே சொல்வது குடும்பப் பெண்ணுக்கு அழகில்லை என்றிருந்த காலம். ஒரே தட்டின் இரண்டு பக்கங்களிலும் பெண்கள்தான். பாடுகிறவளுக்கு மானம் இல்லை என்றார்கள், கேட்கிறவளுக்கு வாய் இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள்.

வாய் திறந்தால் என்ன நடந்தது என்பதற்கும் சான்று உண்டு. பெங்களூர் நாகரத்தினம்மாள், தஞ்சை அரண்மனையைச் சேர்ந்த முத்துப்பழனி என்ற பெண் தெலுங்கில் எழுதிய ‘ராதிகா சாந்தவனமு’ காவியத்தைத் தேடிப்பிடித்து 1910இல் பதிப்பித்தார். அது தனக்குத் திரும்பத் திரும்ப இன்பம் தந்த நூல் என்பதை முன்னுரையில் மறைக்காமல் சொன்னார். அறிஞர்கள் கொதித்தார்கள். ஆபாசம் என்று அரசு தடை விதித்தது. தடை நீங்க 1947 வரை ஆனது. நாகரத்தினம்மாள் தன் பொருளைச் செலவிட்டுத் தியாகராசரின் சமாதியைத் திருவையாற்றில் எழுப்பினார். ஆனால் ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை என்றார்கள். 1927இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாக ஆராதனை நடத்தினார். பாடலாம், பணம் கொடுக்கலாம், ‘இது எனக்குப் பிடிக்கும்’ என்று மட்டும் உரக்கச் சொல்லக் கூடாது என்றால் அதை அவர் ஏற்கவில்லை.

அதே காலத்தில் தமிழ்ப் பத்திரிகைகளில் இசை விமர்சனம் வளர்ந்தது. ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் கல்கி எழுதிய ‘ஆடல் பாடல்’ பகுதிக்காக வாசகர்கள் காத்திருந்தார்கள். பின்னாளில் சுப்புடுவின் பேனாவுக்கு வித்துவான்கள் அஞ்சினார்கள். இருவருடைய எழுத்தையும் நான் விரும்பிப் படித்தவள். கல்கியின் நகைச்சுவைக்கு இப்போதும் சிரிப்பேன். ஆனால் ‘நல்ல காது’ என்றால் ஆணின் காது என்ற எண்ணம் நம் மனத்தில் பதிந்ததில் அந்தக் காலத்துக்குப் பங்குண்டு. பெண் பாடுவாள், ஆண் அது எப்படியிருந்தது என்று எழுதுவான்.

எங்கள் வீட்டுக்கு இந்த வரலாறு வானொலி வழியாக வந்தது. என் அத்தைக்கு இராசிபுரம். அறுபதுகளிலிருந்து எண்பதுகள்வரை தமிழ்நாட்டில் இலங்கை வானொலி கேட்காத வீடு குறைவு. இராஜேஸ்வரி சண்முகத்தின் தமிழுக்காகவே அத்தை சமையலை முன்கூட்டி முடித்துவிடுவாள். நேயர் விருப்பத்தில் பாட்டு கேட்டவர்களின் பெயர்கள் வரிசையாக வரும். ஊர், பெயர், ஊர், பெயர். எங்கோ கடலுக்கு அப்பால் ஒருவர் உன் பெயரைச் சொல்லி, உனக்குப் பிடித்த பாட்டை நாட்டுக்கே போடுகிறார் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! அத்தையும் எழுதிப் போட்டாள், தன் தம்பி பெயரில். அந்தத் தம்பி என் அப்பா. வானொலியில் பெயர் வந்ததும் தெருவில் அப்பாவை எல்லோரும் பாராட்டினார்களாம், “நல்ல பாட்டாக் கேட்டிருக்கியேடா” என்று. சொந்தப் பெயரில் கேட்டிருந்தால் யாரை நினைத்துக் கேட்டாள் என்று விசாரணை நடந்திருக்கும். ஆணுக்குப் பாட்டு பிடித்தால் அது ரசனை. பெண்ணுக்குப் பாட்டு பிடித்தால் அது தடயம்.

பிறகு கேசட் வந்தது. கடையில் வெற்றுக் கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். என் தலைமுறைப் பெண்கள் எழுதிய அந்தப் பட்டியல்களை யாராவது சேர்த்து வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஏ பக்கத்தில் எது முதலில், சோகப் பாட்டுக்குப் பிறகு எதை வைப்பது, ஜென்சியா ஜானகியா என்று பள்ளி மதிய உணவு நேரத்தில் நாங்கள் அடித்துக்கொள்வோம். அந்த வாதங்கள் எதுவும் எங்கும் அச்சாகவில்லை.

1994இல் ‘கருத்தம்மா’ வந்தது. பெண் சிசுக்கொலையைப் பற்றிய படம். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் எங்கள் சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியிருந்தது. ஏன் சேலத்தில் தொடங்கினார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. படத்தில் ஸ்வர்ணலதா பாடிய சோகப் பாட்டுக்கு அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. கேசட்டை நான்தான் வாங்கி வந்தேன், ரஹ்மானின் தாளத்துக்காக. எந்தப் பாட்டு சிறந்தது என்று அண்ணன்களோடு ஒரு வாரம் சண்டை. அத்தை கலந்துகொள்ளவில்லை. சில நாள் கழித்து என் கையில் வெற்றுக் கேசட் ஒன்றைத் தந்தாள்.

“அந்தப் பொண்ணு பாடுன பாட்டை மட்டும் போட்டுத் தரச் சொல்லு.”

“மத்த பாட்டு?”

“வேண்டாம். ஒரு பக்கம் முழுக்க அதுவே இருக்கட்டும்.”

“ஒரே பாட்டையா? எடுத்துக் கொடுக்கிறவன் தப்பா எடுத்துக்கொண்டான்னு நினைக்கப் போறாங்க பாப்பா” என்று கடைக்காரர் சிரித்தார். ஆறு முறை பதிந்து கொடுத்தார். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் அத்தை அதைக் கேட்பாள். அந்தப் பாட்டில் அவளுக்கு என்ன பிடித்தது என்று நான் கேட்கவில்லை. அத்தைக்கு மூன்று பெண்கள் என்று ஊர் சொல்லும். நான்கு என்று அத்தை ஒரே ஒரு முறை சொன்னாள். அது பல ஆண்டுகளுக்குப் பிறகு, என் மகள் பிறந்த மருத்துவமனையில்.

அந்தக் கேசட் ஒரு வாக்குமூலம். எந்த வழக்கிலும் சேராத வாக்குமூலம். விருதுக் குழுவும் அதே பாட்டைத்தான் தேர்ந்தெடுத்தது, அதற்கான காரணத்தையும் எழுதியிருப்பார்கள். அத்தையின் காரணத்தை எழுத ஆள் இல்லை. கேட்கும் இடத்தில் இருந்தவள் நான், தாளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

இப்போது முதலாண்டு மாணவிகளிடம் முதல் வகுப்பிலேயே கேட்கிறேன்: “உங்களுக்குப் பிடித்த பாட்டு எது?” சட்டென்று வரும் பதில், “எல்லாமே பிடிக்கும் மேம்.” சாப்பாட்டில் எது பிடிக்கும் என்றால் “எதுவானாலும் சரி” என்று சொல்லிப் பழகிய பெண்களின் பதில். விடாமல் கேட்டால் ஒரு பாட்டைச் சொல்வார்கள். “ஏன்?” என்றால் மௌனம். அந்த ‘ஏன்’ தெரியாததால் வரும் மௌனமில்லை அது. பேருந்தில் ஒரே இயர்போனை இரண்டாகப் பிரித்துக்கொண்டு இதே பெண்கள் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். எந்த இடத்தில் குரல் உடைகிறது, எந்த வரி பொய் என்று துல்லியமாகப் பேசுவார்கள். வகுப்பறையில் நான் கேட்டதும் உள்ளுக்குள் ஒரு ‘டக்’.

ஏழாவது நாடாவைக் கைபேசியில் ஏற்றிக்கொண்டு சென்ற தை மாதம் மலைக்குப் போனேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் அப்படியே இருக்கின்றன. ஆயா இல்லை. அவர் மகளுக்கே அறுபது வயது தாண்டிவிட்டது. வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து அம்மாவின் குரலைப் போட்டுக் காட்டினேன். அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

“அம்மா இதுல ஒரு அடிய விட்டுட்டுப் பாடியிருக்குது.”

“உங்க அத்தை நல்லாப் பாடுவாங்கன்னு அம்மா சொல்ல வந்தாங்க. நான் கேக்காம விட்டுட்டேன்.”

“அத்தை பாடுனா வேறங்க. எல்லாரும் ஒலக்க விழறப்ப மூச்ச விட்டுருவாங்க. அத்தை விடாது. சொல்ல இழுத்துப் புடிச்சிருக்கும். எதிர்ல குத்துறவ ஒலக்க அந்தச் சொல்லுக்குள்ள வந்து விழும்.” கையால் இரண்டு உலக்கைகளையும் காற்றில் குத்திக் காட்டினார். “அம்மாவுக்கு அது வராது. அதான் அம்மாவுக்கு இந்தப் பாட்டு புடிக்காது.”

இரண்டு ஆண்டுகள் தொழிற்பாடல்களின் தாள அமைப்பைப் பற்றி எழுதியவள் நான். இந்த ஒரு வாக்கியம் என் ஆய்வேட்டில் இல்லை.

பாடிக் காட்டச் சொன்னேன். சிரித்தார். “மெசினு வந்த பொறவு யாருங்க குத்துறா? பாட்டு போனா போவுது. தோளு ரெண்டும் போச்சு எங்கம்மாவுக்கு.” உரலடிப் பாட்டு மறைகிறதே என்று நான் எழுதிய கட்டுரைகள் நினைவுக்கு வந்தன. பாட்டைப் பற்றிய கருத்தைப் போலவே உலக்கையைப் பற்றிய கருத்தையும் நான் அவர்களிடம் கேட்டதில்லை. சாமை உமி நீக்கும் எந்திரம் வந்ததைக் கொண்டாடும் உரிமை உலக்கை பிடித்த கைக்கு உண்டு.

“இப்ப எந்தப் பாட்டு கேப்பீங்க?”

ஒரு சினிமாப் பாட்டைச் சொன்னார். மலைப்பேருந்தில் அடிக்கடி போடுவார்களாம். எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பாட்டு அது. ஏன் பிடிக்கும் என்று கேட்டேன். சொல்லத் தொடங்கினார். பேத்தி உள்ளேயிருந்து வந்து, அதைவிட வேறொன்று நல்ல பாட்டு என்று குறுக்கே பேசினாள். இருவரும் என்னை மறந்து வாதாடினார்கள். மிளகைத் துழாவிக்கொண்டே பக்கத்து வீட்டு அம்மாவும் சேர்ந்துகொண்டார்.

கைபேசி திண்ணையில் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கும்போது பார்த்தேன், நாற்பத்தொரு நிமிடம் பதிவாகியிருந்தது. அதில் பாட்டு ஒன்றுகூட இல்லை.